இல்லாத பொத்தானுக்கு இருபது மொழிகளில் விளக்கம்

உங்கள் வீட்டில் புதிதாக ஒரு மிக்சி வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்குள் ஒரு சிறு கையேடு இருக்கிறது. ஒரே செய்தியைப் பல மொழிகளில் அச்சிட்டிருக்கிறார்கள். “மோட்டார் நின்றுவிட்டால் அடிப்பக்கத்தில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தவும்” என்பது அதில் ஒரு வரி.

ஒரு நாள் சட்னி அரைக்கும்போது மோட்டார் நின்றுவிடுகிறது. அம்மா கையேட்டைப் பார்த்துவிட்டு மிக்சியைக் கவிழ்த்துத் தேடுகிறார். சிவப்புப் பொத்தானைக் காணோம்! அது முந்தைய மாதிரியில் இருந்த பொத்தான். புதிய மாதிரியில் அதை எடுத்துவிட்டு வேறோர் அமைப்பை வைத்துவிட்டார்கள். கையேட்டை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்கள்.

இதில் யாருடைய தவறு? தமிழில் மொழிபெயர்த்தவர் தம் வேலையைச் சரியாகவே செய்தார். தெலுங்கில் எழுதியவரும் அப்படியே. மூலத்தில் இருந்த ஒரு செத்த வரி எல்லா மொழிகளிலும் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் அம்மா என்ன நினைப்பார்? “இந்தத் தமிழ்க் கையேடே சரியில்லை” என்றுதானே!

கணிப்பொறி நிரல்களிலும் இதே கதை நடக்கிறது. அதைத் தடுப்பது எப்படி என்பதே இந்தப் பாடம். நிரல் எழுதக் கற்றுக்கொண்டு வரும் மாணவர்களுக்கு இது உடனே பயன்படும். மொழியில் ஆர்வம் உள்ளவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

ஸ்கிரிப்ட் என்றால் என்ன?

நாடகத்தில் நடிகர் பேச வேண்டிய வசனங்களை வரிசையாக எழுதி வைத்திருப்பார்கள். அதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். கணிப்பொறிக்கும் அதே போல, செய்ய வேண்டிய கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம். கணிப்பொறி அதை மேலிருந்து கீழாக வாசித்து நிறைவேற்றும். யூனிக்ஸ் வகைக் கணிப்பொறிகளில் இந்தக் கட்டளைகளை வாசிக்கும் நிரலை ‘ஷெல்’ என்கிறார்கள். 1979-ல் யூனிக்சின் 7-வது பதிப்போடு வெளிவந்த போர்ன் ஷெல்லின் இலக்கணம்தான், சிற்சில சேர்க்கைகளோடு, இன்றைய லினக்ஸ் கணிப்பொறிகளிலும் வழங்கி வருகிறது.

நல்ல ஸ்கிரிப்ட் எதுவும் தன்னை எப்படிப் பயன்படுத்துவது என்று தானே சொல்லும். அதனிடம் உதவி கேட்டால் ஒரு சிறு கையேட்டைத் திரையில் அச்சிடும். ‘இந்தச் சொல்லைச் சேர்த்தால் இது நடக்கும், அந்தச் சொல்லைச் சேர்த்தால் அது நடக்கும்’ என்ற பட்டியல் அது. இப்படிச் சேர்க்கப்படும் சொல்லை ‘விருப்பச் சொல்’ என்றும், அந்தப் பட்டியலை ‘உதவிக் குறிப்பு’ என்றும் இங்கே அழைப்போம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு பள்ளி நூலகத்தின் புத்தகப் பட்டியலைக் கையாள ஒரு ஸ்கிரிப்ட் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எளிதில் விளங்குவதற்காக அதன் விருப்பச் சொற்களைத் தமிழிலேயே தருகிறோம். அதன் உதவிக் குறிப்பு இது:

--தேடு : நூலின் பெயரைக் கொண்டு தேடும்.
--பட்டியல் : எல்லா நூல்களையும் அகர வரிசையில் காட்டும்.
--கடன் : ஒரு மாணவர் எடுத்துச் சென்ற நூல்களைக் காட்டும்.
--நகல் : பட்டியலை ஃப்ளாப்பி வட்டில் நகலெடுக்கும். பழைய நகல் அழியாது.
--வேகம் : அச்சுப்பொறியின் வேகத்தைக் குறிக்கும்.

பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஐந்து வரிகளில் இரண்டு பொய் சொல்கின்றன. எவை என்று இதைப் பார்த்து மட்டும் உங்களால் சொல்ல முடியுமா? முடியாது. மொழிபெயர்ப்பாளராலும் முடியாது. சிக்கலே அங்குதான் தொடங்குகிறது.

செத்த வரி எப்படித் தங்கிவிடுகிறது?

நிரலில் ஒரு கட்டளையைத் தவறாக எழுதினால், அந்த இடத்துக்கு வரும்போது கணிப்பொறியால் அதை நிறைவேற்ற முடியாது. பெரும்பாலும் பிழைச் செய்தியும் தரும். ஆகவே அந்தப் பிழை நெடுநாள் மறைந்திருப்பது அரிது. உதவிக் குறிப்பின் நிலை வேறு. கணிப்பொறிக்கு அது வெறும் எழுத்துக் குவியல். கணிப்பொறி உதவிக் குறிப்பை அச்சிடுகிறது. அதைப் படித்துப் பொருள் கொள்வதில்லை. “அச்சுப்பொறியின் வேகம்” என்ற வரிக்கு உரிய கட்டளைகளை நிரலாளர் நீக்கிவிட்டாலும், அந்த வரி திரையில் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். எந்தச் சோதனையும் அதைக் காட்டிக்கொடுக்காது.

செத்த வரிகள் உண்டாவதற்குப் பெரும்பாலும் நான்கு காரணங்கள் உண்டு. ஒன்று, ஒரு விருப்பச் சொல் நீக்கப்பட்டது, குறிப்பு நிற்கிறது. இரண்டு, சொல் அதுவேதான். ஆனால் அதன் செயல் மாறிவிட்டது. மூன்று, நிரல் நம்பியிருந்த சாதனமோ பிற நிரலோ வழக்கொழிந்தது. நான்கு, வேறொரு ஸ்கிரிப்டைப் பார்த்து நகலெடுத்து எழுதியபோது, அதன் உதவிக் குறிப்பில் சில வரிகளும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன.

மொழிபெயர்ப்பு நடக்கும் விதம்

ஒரு நிரலை இருபது மொழிகளில் தர வேண்டும் என்றால் அதை இருபது முறை எழுதுவார்களா? இல்லை. நிரல் ஒன்றுதான். திரையில் தோன்றும் வரிகளை மட்டும் தனியே பிரித்து மொழிபெயர்க்கிறார்கள்.

கட்டற்ற மென்பொருள் உலகில் இதற்குப் பரவலாக உதவுவது ‘கெட்டெக்ஸ்ட்’ என்ற கருவித் தொகுப்பு. இந்த முறையை 1990-களின் தொடக்கத்தில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் உருவாக்கினர். கனூ திட்டத்தின் கெட்டெக்ஸ்ட் 1995-ல் வெளிவந்தது. அது வேலை செய்யும் முறையை மூன்று படிகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதற்படியில், நிரலாளர் தம் ஸ்கிரிப்டில் மொழிபெயர்க்க வேண்டிய ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாளம் இடுகிறார். ஒரு தொகுப்புக் கருவி கோப்புகளை எல்லாம் அலசி, அடையாளமிட்ட வரிகளை ஒரு பட்டியலாகத் திரட்டுகிறது.

இரண்டாம் படியில், ஒவ்வொரு மொழிக்கும் அந்தப் பட்டியலின் ஒரு படி போகிறது. அதில் மேலே ஆங்கில மூல வரி இருக்கும். கீழே மொழிபெயர்ப்புக்கு இடம் காலியாக இருக்கும். மொழிபெயர்ப்பாளர் அதை நிரப்புகிறார். இதைப் ‘பிஓ கோப்பு’ என்பார்கள்.

மூன்றாம் படியில், நிரப்பிய பட்டியல் கணிப்பொறி விரைவாகத் தேடக்கூடிய வடிவத்துக்கு மாற்றப்படுகிறது. நிரல் ஓடும்போது ஒவ்வொரு மூல வரியையும் அந்தப் பட்டியலில் தேடிப் பார்க்கும். மொழிபெயர்ப்பு கிடைத்தால் அதைக் காட்டும். கிடைக்காவிட்டால் ஆங்கில வரியையே காட்டும்.

இதில் இரண்டு செய்திகளை நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். முதலாவது: தொகுப்புக் கருவி எழுத்தை மட்டுமே பார்க்கிறது. அடையாளம் இட்டிருந்தால் எடுத்துக்கொள்ளும். அந்த வரி எப்போதாவது திரைக்கு வருமா, அது சொல்வது உண்மையா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆகவே செத்த வரியும் உயிருள்ள வரியும் ஒரே தோற்றத்தில் மொழிபெயர்ப்பாளர் மேசைக்கு வந்து சேர்கின்றன.

இரண்டாவது: இங்கே ஆங்கில மூல வரியே திறவுகோல். வரிக்கு எண் எதுவும் கிடையாது. மூல வரியில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் சாவி மாறிவிட்டது என்று பொருள். பழைய பூட்டு திறக்காது.

ஒரு சிறு கணக்கு

நம் ஸ்கிரிப்டின் உதவிக் குறிப்பில் 40 வரிகள் இருப்பதாகவும், அவற்றில் 10 வரிகள் செத்தவை என்றும் கொள்வோம். மொழிகள் 20. ஒரு வரியை மொழிபெயர்க்கச் சராசரியாக 3 நிமிடம் ஆகும் என்றும் வைத்துக்கொள்வோம்.

வீணாக மொழிபெயர்க்கப்படும் வரிகள்: 10 × 20 = 200.
வீணாகும் நேரம்: 200 × 3 = 600 நிமிடம், அதாவது 10 மணி நேரம்.

அந்தப் பத்து வரிகளை மூலத்திலேயே தேடி நீக்குவதற்கு நிரலாளருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அரை மணி நேரம் என்றே கொள்வோம். அரை மணி நேரம் செலவிட்டால் பத்து மணி நேரம் மிச்சம்! மொழிகளின் எண்ணிக்கை கூடக் கூட இந்த லாபமும் கூடிக்கொண்டே போகும்.

மூன்று நிமிடம் என்றது குறைவான மதிப்பீடுதான். செத்த வரி உயிருள்ள வரியைவிட அதிக நேரத்தைத் தின்னும். “ஃப்ளாப்பி வட்டு” என்ற சொல்லுக்கு நல்ல தமிழ்ச் சொல் எது என்று ஒருவர் தேடுவார். “அச்சுப்பொறியின் வேகம்” என்றால் நிமிடத்துக்கு எத்தனை பக்கமா, நொடிக்கு எத்தனை எழுத்தா என்று யோசிப்பார். நிரலை ஓட்டிப் பார்த்துத் தெளிவு பெறலாம் என்று முயல்வார். நிரலோ அந்தச் சொல்லையே அறியாது. தம்மிடம்தான் ஏதோ பிழை என்று நினைத்து மறுபடியும் முயல்வார்!

இந்த வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. கேடிஇ, க்னோம், லிப்ரே ஆபீஸ், ஃபயர்பாக்ஸ் போன்றவற்றைத் தமிழில் தந்தவர்கள் தங்கள் ஓய்வு நேரத்தை இதற்குக் கொடுத்தவர்கள். ஆட்கள் குறைவாக இருக்கும் மொழிக்கு ஒவ்வொரு மணி நேரமும் பெரிது. செத்த வரியில் போன நேரம், உயிருள்ள ஒரு வரி தமிழில் வராமல் போன நேரமே.

நேரத்தைவிடப் பெரிய இழப்பு

மேலே கண்ட உதவிக் குறிப்பில் பொய் சொல்லும் வரிகள் எவை என்று இப்போது சொல்கிறோம். ‘வேகம்’ என்ற சொல்லை நிரல் மறந்தே போயிற்று. அதைக் கொடுத்தால் ‘புரியவில்லை’ என்று நின்றுவிடும். கேடு ஒன்றும் இல்லை. ஆனால் ‘நகல்’ இன்னும் வேலை செய்கிறது. ஃப்ளாப்பிக்குப் பதிலாக இப்போது பென் டிரைவில் நகலெடுக்கிறது. அதோடு, பழைய நகலின் மேலேயே புதியதை எழுதிவிடுகிறது!

“பழைய நகல் அழியாது” என்ற வரியை நம்பி, நூலகர் சென்ற ஆண்டின் பட்டியல் இருந்த பென் டிரைவையே செருகினால் என்ன ஆகும்? சென்ற ஆண்டின் கணக்கு முழுவதும் போய்விடும்.

ஆங்கிலம் அறிந்தவருக்கு ஐயம் வந்தால் வேறு புத்தகத்தையோ பிற விளக்கங்களையோ பார்த்துச் சரிபார்த்துக்கொள்ள வழி உண்டு. தமிழில் மட்டும் படிப்பவருக்குத் திரையில் உள்ள அந்த ஒரு வரிதான் துணை. ஆகவே மூலத்தில் உள்ள பொய், மொழிபெயர்ப்பை நம்பி இருப்பவரையே அதிகமாகத் தாக்குகிறது. ஒரு முறை ஏமாந்தவர் அடுத்த முறை தமிழ் உதவிக் குறிப்பைத் திறக்க மாட்டார். அப்படியானால் இருபது மொழிகளில் உழைத்து என்ன பயன்?

களையெடுக்கும் முறை

வயலில் களையெடுப்பவர் கையில் அகப்பட்டதை எல்லாம் பிடுங்குவதில்லை. பயிரையும் களையையும் பிரித்தறிந்த பிறகே கை வைக்கிறார். நாமும் அப்படியே செய்ய வேண்டும்.

படி 1. நிரல் உண்மையில் ஏற்றுக்கொள்ளும் விருப்பச் சொற்களை எல்லாம் எழுதுங்கள். இதை உதவிக் குறிப்பைப் பார்த்து எழுதக் கூடாது. கட்டளைகளைப் படித்து எழுத வேண்டும். ஷெல் ஸ்கிரிப்டில் இவை பெரும்பாலும் ஒரே இடத்தில், ‘இந்தச் சொல் வந்தால் இதைச் செய்’ என்ற கிளைகளாக அடுக்கப்பட்டிருக்கும்.

படி 2. உதவிக் குறிப்பில் உள்ள சொற்களை எல்லாம் பக்கத்தில் எழுதுங்கள்.

படி 3. இரண்டையும் ஒப்பிடுங்கள். கணக்குப் பாடத்தில் கணங்களின் வெட்டு, வேறுபாடு ஆகியவற்றைப் படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதேதான் இது. நம் ஸ்கிரிப்டில் கட்டளைகளைப் படித்தபோது தேடு, பட்டியல், கடன், நகல், தாமதம் ஆகிய ஐந்து கிடைத்தன என்று கொள்வோம். உதவிக் குறிப்பில் தேடு, பட்டியல், கடன், நகல், வேகம் ஆகிய ஐந்து உள்ளன. இரண்டிலும் இருப்பவை நான்கு. குறிப்பில் மட்டும் இருப்பது ‘வேகம்’. இது நீக்க வேண்டிய செத்த வரி. நிரலில் மட்டும் இருப்பது ‘தாமதம்’. இது யாருக்கும் தெரியாமல் கிடக்கும் வசதி, இதற்கு ஒரு வரி எழுத வேண்டும்.

படி 4. இரண்டிலும் இருக்கும் நான்கையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். குறிப்பு சொன்னபடி நடக்கிறதா? இந்தப் படியில்தான் ‘நகல்’ அகப்படும். கணங்களை ஒப்பிடுவதால் மட்டும் அது பிடிபடாது. பாதி உயிரோடு இருக்கும் வரிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

படி 5. மிஞ்சிய வரிகளை மொழிபெயர்ப்புக்கு ஏற்றபடி பிரித்து அடுக்குங்கள்.

இந்த ஐந்தாம் படிக்குச் சற்று விளக்கம் தேவை. ஷெல் ஸ்கிரிப்டில் உதவிக் குறிப்பு முழுவதையும் ஒரே துண்டாக எழுதி வைக்கும் வசதி உண்டு. ‘ஹியர் டாக்குமென்ட்’ என்பது அதன் பெயர். எழுதுவதற்கு மிக எளிது. ஆனால் 40 வரிகளும் ஒரே செய்தியாக அடையாளம் பெற்றால், அந்த 40 வரிகளும் சேர்ந்து ஒரே சாவி ஆகிவிடும். அதில் ஒரு சொல் மாறினால் 40 வரிகளின் மொழிபெயர்ப்பும் ஒருசேரக் காலாவதியாகும். எந்த வரி மாறியது என்று மொழிபெயர்ப்பாளர் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியதுதான்.

அப்படியானால் ஒவ்வொரு வரியையும் தனித் தனிச் செய்தியாக உடைத்துவிடலாமா? அதிலும் ஒரு குறை உண்டு. முன்னும் பின்னும் என்ன வருகிறது என்று தெரியாமல் ஒற்றை வரியை மொழிபெயர்ப்பது கடினம். ஆகவே நடுவழியே நல்லது. பொருளால் தொடர்புள்ள இரண்டு மூன்று விருப்பச் சொற்களை, அல்லது ஒரு பத்தியை, ஒரு செய்தியாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் முக்கியம். வாக்கியத்தை உடைத்துத் துண்டு துண்டாகக் கொடுக்கக் கூடாது. ‘திறக்க இயலவில்லை’ என்பதை ஒரு துண்டாகவும், அதை அடுத்துக் கோப்பின் பெயரைத் தனியாகவும் அச்சிடுவது ஆங்கிலத்துக்குப் பொருந்தும். அங்கே வினை முன்னால் வருகிறது. தமிழில் வினை கடைசியில் வர வேண்டும். வேற்றுமை உருபும் சேர வேண்டும். வாக்கியம் முழுவதையும் கொடுத்து, கோப்பின் பெயர் வரும் இடத்தில் ஓர் இடக்குறி வைத்தால், “… என்ற கோப்பைத் திறக்க இயலவில்லை” என்று இயல்பான தமிழில் எழுதலாம். ‘என்ற கோப்பை’ என்று சேர்த்ததைக் கவனித்தீர்களா? கோப்பின் பெயர் எதுவாக இருந்தாலும் சந்திப் பிழை வராமல் காக்கும் உத்தி இது.

முதுமை வேறு, மரணம் வேறு

பழையது என்பதற்காக எதையும் உடனே வெட்டிவிட முடியாது. இதற்கு ஓர் உண்மையான எடுத்துக்காட்டு உண்டு.

யூனிக்ஸ் வகைக் கணிப்பொறிகளில் கோப்புகளுக்குள் சொற்களைத் தேடித் தரும் நிரல் ‘கிரெப்’. அதற்கு ‘ஈகிரெப்’, ‘எஃப்கிரெப்’ என்று இரண்டு உறவினர்கள். அவர்கள் செய்யும் வேலையைக் கிரெப்போடு ஒரு விருப்பச் சொல் சேர்த்தாலே செய்துவிடலாம். கனூ கிரெப்பில் இந்த இரண்டும் கிரெப்பையே அழைக்கும் சிறு ஷெல் ஸ்கிரிப்டுகளாக ஆகிவிட்டன. இவற்றை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று 2007-லேயே 2.5.3 பதிப்பில் அறிவித்தார்கள். ஆனால் உலகெங்கும் எத்தனையோ பழைய ஸ்கிரிப்டுகள் இவற்றை அழைத்துக்கொண்டிருந்தன. அதனால் நீக்கவில்லை. 2022-ல் வந்த 3.8 பதிப்பிலிருந்துதான், இவற்றை ஓட்டினால் ‘இது வழக்கொழிந்து வருகிறது’ என்ற எச்சரிக்கை திரையில் தோன்றத் தொடங்கியது. அறிவிப்புக்கும் எச்சரிக்கைக்கும் இடையே 15 ஆண்டுகள்!

இதிலிருந்து நாம் கற்பது என்ன? விருப்பச் சொல்லை நீக்குவது வேறு. அதைப் பற்றிய நீண்ட விளக்கத்தை நீக்குவது வேறு. முதுமை அடைந்த சொல்லை நிரல் தொடர்ந்து ஏற்கலாம். ஆனால் புதிதாக வருபவருக்கு அதைப் பத்து வரிகளில் விளக்கத் தேவையில்லை. ‘இதற்குப் பதில் அதைப் பயன்படுத்தவும்’ என்ற ஒரு வரி போதும். இருபது மொழிகளிலும் ஒரு வரிதான்.

ஸ்கிரிப்ட் ஒன்று வேறு மொழியில் மீண்டும் எழுதப்படும்போதும் இப்படி ஒரு இடைக்காலம் வரும். நிரலாளர்கள் தங்கள் கோப்புகளின் மாற்றங்களைக் கண்காணிக்கப் பயன்படுத்தும் ‘கிட்’ என்ற மென்பொருள் 2005-ல் தோன்றியது. அதன் கட்டளைகள் பல முதலில் ஷெல் ஸ்கிரிப்டுகளாகவே இருந்தன. 2012-ல் வந்த 1.7.9 பதிப்பில் அதற்குக் கெட்டெக்ஸ்ட் முறையில் மொழிபெயர்ப்பு வசதி வந்தது. பின்னர் ‘ரீபேஸ்’ என்ற அதன் கட்டளையைச் சி மொழியில் புதிதாக எழுதி, 2018 டிசம்பரில் 2.20 பதிப்பில் வெளியிட்டார்கள். புதியதில் கோளாறு இருந்தால் உதவட்டும் என்று பழைய ஷெல் ஸ்கிரிப்டையும் 2.20, 2.21 ஆகிய இரு பதிப்புகளில் கூடவே வைத்திருந்தார்கள். அதன்பின் அதை நீக்கிவிட்டார்கள்.

இப்படிப் பழையதும் புதியதும் அருகருகே வாழும் காலத்தில் நிரலாளர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டிலும் ஒரே செய்தி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால், கெட்டெக்ஸ்ட் அதை ஒரே சாவியாக எடுத்துக்கொள்ளும். கூடுதல் வேலை இல்லை. ஒன்றில் முற்றுப்புள்ளி இருந்து மற்றதில் இல்லாவிட்டால்கூட அவை இரண்டு செய்திகள் ஆகிவிடும். ஒரு புள்ளிக்காக இருபது பேர் ஒரே வாக்கியத்தை இரண்டு முறை பார்க்க வேண்டியிருக்கும்.

எப்போது களையெடுப்பது?

களையெடுப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதை மறைக்கக் கூடாது.

ஒரு வரியை முழுவதும் நீக்கினால் தொல்லை இல்லை. பட்டியலைப் புதுப்பிக்கும்போது அதன் மொழிபெயர்ப்பு கோப்பின் கடைசிக்குப் போய்விடும். அதன் முன்னால் #~ என்ற குறி விழும். ‘இது இப்போது தேவையில்லை; பின்னால் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்’ என்று பொருள்.

ஒரு வரியைத் திருத்தினால்தான் வேலை வரும். இணைப்புக் கருவி பழைய வரியும் புதிய வரியும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதைக் கண்டால், பழைய மொழிபெயர்ப்பையே புதிய வரிக்குக் கீழே வைத்து ‘ஃபஸி’ என்று முத்திரை குத்திவிடும். ‘ஐயத்துக்குரியது’ என்று பொருள். மொழிபெயர்ப்பாளர் பார்த்து, திருத்தி, முத்திரையை எடுக்கும்வரை அந்த மொழிபெயர்ப்பு பயனுக்கு வராது. திரையில் ஆங்கிலமே தோன்றும். இப்போது புரிகிறதா? வெளியீட்டுக்கு முதல் நாள் நிரலாளர் ஒரு காற்புள்ளியைத் திருத்தினால், மறுநாள் இருபது மொழிகளிலும் அந்த வரி காணாமல் போகும்!

இதனால்தான் க்னோம் போன்ற திட்டங்களில் ‘ஸ்ட்ரிங் ஃப்ரீஸ்’ என்ற ஒழுங்கு இருக்கிறது. வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே மொழிபெயர்க்க வேண்டிய வரிகளை யாரும் மாற்றக் கூடாது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் மொழிபெயர்ப்புக் குழுவினரின் இசைவைப் பெற வேண்டும். பயிர் கதிர் விட்ட பிறகு வயலில் இறங்கி மிதிக்கக் கூடாது என்பது போல!

ஆகவே களையெடுப்பதற்கு ஏற்ற காலம், ஒரு வெளியீடு முடிந்து அடுத்ததற்கான வேலை தொடங்கும் நேரம். அப்போது செத்த வரிகளை நீக்கி, மாறியவற்றைத் திருத்தி, பெரிய துண்டுகளைப் பிரித்து, எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும். அதன் பிறகே பட்டியலை மொழிபெயர்ப்பாளர்களுக்கு அனுப்ப வேண்டும். மாதம் ஒரு வரியாகத் திருத்திக்கொண்டே இருந்தால் அவர்கள் ஓய்வதே இல்லை.

செய்து பாருங்கள்

இதற்குக் கணிப்பொறி கட்டாயம் இல்லை. உங்கள் வீட்டில் உள்ள ஏதாவது ஒரு கருவியின் கையேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் கருவியில் உண்மையில் உள்ள பொத்தான்களை எல்லாம் எழுதுங்கள். மறுபக்கம் கையேடு சொல்லும் பொத்தான்களை எழுதுங்கள். வெட்டுக் கணம் எது? வேறுபாடுகள் எவை? கையேட்டின் ஆங்கிலப் பகுதியிலும் தமிழ்ப் பகுதியிலும் அதே பிழை இருக்கிறதா?

கணிப்பொறி இருப்பவர்கள், தாங்கள் எழுதிய ஒரு நிரலின் உதவிக் குறிப்பை இதே முறையில் சோதிக்கலாம். ஆறு மாதங்களுக்கு முன் எழுதிய நிரலாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு செத்த வரியாவது அகப்பட வாய்ப்பு உண்டு!

பிறகு இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள்:

1. உதவிக் குறிப்பில் 60 வரிகள், அவற்றில் 6 செத்தவை, மொழிகள் 25, ஒரு வரிக்கு 4 நிமிடம். வீணாகும் நேரம் எத்தனை மணி?
2. 60 வரிகளும் ஒரே செய்தியாக இருந்து அதில் ஒரு சொல்லை மட்டும் திருத்தினால், ஒவ்வொரு மொழியிலும் எத்தனை வரிகள் ‘ஃபஸி’ ஆகும்?
3. நம் நூலக ஸ்கிரிப்டின் ‘நகல்’ வரியை இப்போது நிரல் செய்வதற்கு ஏற்பத் திருத்தி எழுதுங்கள். படிப்பவர் தம் பழைய பட்டியலை இழக்காதபடி அந்த வரி எச்சரிக்க வேண்டும்.

மூன்றாம் கேள்விக்கு நீங்கள் எழுதும் விடையைக் கணிப்பொறி பற்றி ஒன்றும் அறியாத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரிந்தால் உங்கள் வரி மொழிபெயர்ப்புக்குத் தயார்.